ஹாட் டப் நின்னு போச்சா? டிஸ்ப்ளேயை நம்புறதுக்கு முன்னாடி



போன எபிசோட்ல அலர்ட் பத்திப் பேசினப்போ, அலர்ட் காட்டுறது அறிகுறியைத்தான், காரணத்தை இல்லன்னு சொல்லி ஹாட் டப்பை உதாரணம் காட்டினேன். நேரம் இல்லாததால அங்கேயே விட்டுட்டோம். மிச்சம் இந்தக் கடிதத்துல.

விஷயம் ஆரம்பிச்சது ஜனவரியில. ஒஸ்லோவில ஸ்டோவ்னர் பக்கம் ரெக்கேஹூஸ், அதாவது வரிசை வீட்ல இருக்கிற யாழ்ப்பாணத்து அண்ணா ஒருத்தர் போன் பண்ணார். மனைவிக்கு மூட்டுவலி, அதுக்காகவே வாங்கின பழைய டப். வெளியில மைனஸ் 12. "தம்பி, நேற்றிரவும் பிரேக்கர் விழுந்திட்டுது. ஏத்தி விட்டா ஒரு மணித்தியாலம் நிக்குது, பிறகு திரும்ப விழுது. தண்ணி இன்னும் சூடாத்தான் இருக்கு, அவசரம் இல்லைத்தானே?"

அவசரம் உண்டு. காரணம் தொட்டித் தண்ணி இல்ல, குழாய்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1200 லிட்டர் தண்ணியை ஒரு டிகிரி சூடாக்க ஏறக்குறைய 1.4 யூனிட் கரண்ட் வேணும். மூடி நல்லா இருந்து, 38 டிகிரியில டப் 500 வாட் அளவுக்கு வெப்பத்தை இழக்குதுன்னு வச்சுக்குவோம். மைனஸ் 12 குளிர்ல அது 5 டிகிரிக்கு இறங்க ஆறு நாள் ஆகும். அதனாலதான் கைவிட்டுப் பார்க்கிறவங்க ஏமாந்துடறாங்க. டப்போட பக்கவாட்டுப் பலகைக்குப் பின்னால ஓடுற குழாயில இருக்கிறது சில லிட்டர்தான். பம்ப் நின்னா அந்தத் தண்ணி நகராது, தொட்டியோட சூடு அங்க போய்ச் சேராது. கடுங்குளிர்ல ஒரு ராத்திரி போதும், உறைஞ்சுடும். உறையும்போது தண்ணி 9 சதவீதம் விரியும். குழாய், பம்ப் மூடி, ஹீட்டர் இணைப்பு எது பலவீனமோ அது வெடிக்கும். வெடிச்சது அப்பவே தெரியாது, வெயில் வந்து உருகினப்புறம்தான் ஒழுகும்.

அதனால முதல் கேள்வி "என்ன எரர்" இல்ல. "பம்ப் ஓடுதா?" ஹீட்டர் செத்து பம்ப் மட்டும் ஓடினா உங்களுக்கு நாள்கணக்குல நேரம் இருக்கு. பம்ப்பும் நின்னிருந்தா மணிக்கணக்குலதான். அன்னிக்கே சரியாகாதுன்னு தெரிஞ்சா தண்ணியை இறக்கிடுங்க. வடிகால் திறந்துவிட்டா முடிஞ்சதுன்னு நினைக்க வேணாம். வளைவுகள்லயும் பம்ப் வயித்துலயும் தண்ணி தங்கும். பம்ப் அடியில இருக்கிற சின்னத் திருகைக் கழட்டணும், ஜெட் ஓட்டைகளை ஈரம் உறிஞ்சுற வாக்யூமால இழுத்து எடுக்கணும்.

இப்போ எரர் கோடுக்கு வருவோம். நிறைய டப்புகள்ல இருக்கிறது பால்போவாங்கிற கம்பெனியோட கண்ட்ரோல் போர்டு. அதுல அடிக்கடி வர்றது எச்எஃப்எல், அதாவது ஹீட்டர்ல ஓட்டம் குறைவு. இதை எப்படிக் கண்டுபிடிக்குதுங்கிறதுதான் எனக்குப் பிடிச்ச பகுதி. பழைய டப்புகள்ல தண்ணி அழுத்தத்தைப் பார்க்க ஒரு சுவிட்ச் இருக்கும். புது டிசைன்ல அது கிடையாது. ஹீட்டர் குழாயின் ரெண்டு முனையிலயும் வெப்ப சென்சார், அவ்வளவுதான். 3 கிலோவாட் ஹீட்டர் வழியா நிமிஷத்துக்கு 100 லிட்டர் போனா, உள்ளே வர்ற தண்ணிக்கும் வெளியே போறதுக்கும் அரை டிகிரி கூட வித்தியாசம் வராது. ஓட்டம் 10 லிட்டரா குறைஞ்சா வித்தியாசம் நாலு டிகிரிக்கு மேல போயிடும். ஆக, ஓட்டத்தை அது நேரா அளக்கவே இல்ல, ரெண்டு வெப்பநிலையை வச்சு ஊகிக்குது. 24 மணி நேரத்துல அஞ்சாவது தடவை இதே எரர் வந்தா எல்எஃப்னு காட்டி ஹீட்டரை நிறுத்திடும், மத்ததெல்லாம் ஓடும். நம்ம ஆளுங்களுக்குச் சொல்லணும்னா ரீட்ரை லிமிட் வச்ச சர்க்யூட் பிரேக்கர் பேட்டர்ன்.

ஊகம்னா தப்பாவும் போகும். வயசான சென்சார் ஒண்ணு ரெண்டு டிகிரி கூட்டிச் சொன்னாலே, ஓட்டம் நல்லா இருந்தும் எச்எஃப்எல் வரும். இதைப் பிரிச்சுப் பார்க்க செலவே இல்லாத வழி, ஃபில்டரைக் கழட்டி வெளிய வச்சுட்டு கொஞ்ச நேரம் ஓட்டுறது. எரர் போச்சுன்னா ஃபில்டர்தான் அடைப்பு. போகலைன்னா தண்ணி மட்டம் பாருங்க. தண்ணி போற வாய்க்குக் கீழ மட்டம் இறங்கினா பம்ப் காத்தைக் குடிக்கும். தண்ணி மாத்தினதுக்கு அப்புறம் ஆரம்பிச்ச பிரச்சினைன்னா பம்ப்ல காத்து அடைச்சிருக்கும், சத்தத்துலயே தெரியும். இதெல்லாம் சரியா இருந்தும் எரர் வந்தா மட்டும் சென்சாரைச் சந்தேகப்படுங்க. ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும் மாத்துங்க. ஃபில்டரும் புதுசு, சென்சாரும் புதுசு, தண்ணியும் புதுசுன்னு ஒரே நாள்ல பண்ணினா எது சரி பண்ணுச்சுன்னு கடைசி வரைக்கும் தெரியாது.

இன்னொரு கருவி உங்க வீட்லயே இருக்கு. நார்வேயில 2019 ஜனவரிக்குள்ள எல்லா வீட்டுக்கும் ஸ்மார்ட் மீட்டர் வந்தாகணும்னு விதி வச்சாங்க. அதுல ஹான் போர்ட்னு ஒரு வாசல் இருக்கு. கிரிட் கம்பெனியைக் கேட்டாத் திறந்து விடுவாங்க. டிஸ்ப்ளே "சூடாக்குறேன்"னு சொல்லும்போது வீட்டு மொத்த லோடு 3 கிலோவாட் எகிறுதான்னு பாருங்க. எகிறலைன்னா டிஸ்ப்ளே சொல்றது நம்பிக்கை, மீட்டர் சொல்றது நடப்பு. ரிலேயோ ஹீட்டர் காயிலோ போயிருக்கும். ஒரு பலகையைக் கூடக் கழட்டாம கண்டுபிடிச்சாச்சு.

அண்ணா வீட்ல பிரச்சினை வேற ஜாதி. விழுந்தது சாதாரண எம்சிபி இல்ல. நார்வேஜிய மொழியில ஜோர்ட்ஃபெய்ல்பிரீட்டர்னு சொல்ற, நம்மூர்ல ஆர்சிசிபி அல்லது ஈஎல்சிபின்னு சொல்ற எர்த் லீக்கேஜ் பிரேக்கர். இங்க நம்மூர் அனுபவம் கை கொடுக்காது, தப்பான வழியும் காட்டும்.

நம்மூர்ல டெஸ்டரை பிளக் ஓட்டையில வச்சா ஒண்ணுல எரியும், இன்னொண்ணுல எரியாது. எரிஞ்சது ஃபேஸ், எரியாதது நியூட்ரல். ஒஸ்லோவில பழைய குடியிருப்புகள் பலதுல ரெண்டு ஓட்டையிலயும் எரியும். வயரிங் கோளாறு இல்ல, அமைப்பே அப்படி. ஐடி நெட்ன்னு பேரு (நம்ம ஐடி இல்ல). டிரான்ஸ்ஃபார்மரோட நடுப்புள்ளியை எர்த் பண்ணாம மிதக்க விட்டிருப்பாங்க. நியூட்ரல் வயரே வீட்டுக்கு வராது. எந்த ரெண்டு ஃபேஸுக்கும் நடுவுல 230 வோல்ட், ஒவ்வொண்ணுக்கும் எர்த்துக்கும் சுமார் 130. புதுக் குடியிருப்புகள்ல நியூட்ரல் உள்ள 400 வோல்ட் அமைப்பு வந்துடுச்சு.

இதனால ரெண்டு விளைவு. ஒண்ணு, சில போர்டுகள்ல ரிலே ஹீட்டரோட ஒரு காலை மட்டும்தான் துண்டிக்கும். மறு கால் எப்பவும் உயிரோட இருக்கும். ஹீட்டர் காயில் கசிஞ்சா, ஹீட்டர் ஆஃப்ல இருக்கும்போதே பிரேக்கர் விழும். "ஹீட்டர் ஓடவே இல்ல, அப்ப ஹீட்டர் இல்ல"ங்கிற முடிவு இங்க செல்லாது. ரெண்டாவது இன்னும் விசித்திரம். மிதக்குற அமைப்புல முதல் கசிவுக்கு நல்ல திரும்பு வழி கிடையாது, அதனால கரண்ட் சின்னதாவே ஓடும். அதே டிரான்ஸ்ஃபார்மர்ல வேற ஒரு வீட்ல வேற ஃபேஸ் எர்த்தைத் தொட்டுச்சுன்னா வழி முழுசாகி, உங்க வீட்டுச் சின்னக் கசிவு பெருசாயிடும். உங்க பிரேக்கர் விழுற நேரத்துக்கும் உங்க வீட்ல நடக்கிறதுக்கும் சம்பந்தமே இல்லாம இருக்கலாம். எப்பவாவது மட்டும் வர்ற பக் மாதிரி. அப்படிச் சந்தேகம் வந்தா கிரிட் கம்பெனிக்குச் சொல்லணும், எர்த் ஃபால்ட் தேடுறது அவங்க வேலையும்தான்.

எர்த் பிரேக்கர் விழுந்தா ஒரு தடவை ஏத்திப் பாருங்க. மறுபடி விழுந்தா விட்டுடுங்க. நீங்க நனைஞ்சு உட்காரப் போற தண்ணிக்குள்ள கசிவு இருக்குன்னு அது சொல்லுது. நிலையான வயரிங்கைத் தொட நார்வேயில பதிவு பெற்ற கம்பெனிக்குத்தான் அனுமதி, வேலை முடிஞ்சதும் அவங்க இணக்கச் சான்று தரணும், அதை வாங்கி வைங்க. எலெக்ட்ரிஷியன்கிட்ட மெகர் டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்க, ஹீட்டரைத் தனியாப் பிரிச்சு. குளிர்ந்த ஹீட்டர் பாஸ் ஆகி சூட்டுல மட்டும் கசியுறதும் உண்டு, ஈரம் இழுத்த காயில் சூடானதும் காய்ஞ்சு நல்லவன் வேஷம் போடுறதும் உண்டு. அண்ணாவோட டப்ல பாஸே ஆகல. ஹீட்டர்தான்.

ஏன் போச்சு? சென்னையில போர் தண்ணியில கீசர் காயில் மேல உப்பு வெள்ளையாப் படியும். ஒஸ்லோவுக்குப் பெரும்பகுதித் தண்ணி மாரிடால்ஸ்வான் ஏரியில இருந்து வருது, மென்னீர். உப்பு படியிறது இங்க பெரிய பிரச்சினை இல்ல. ஆனா மென்னீர்ல அமிலத்தைத் தாங்குற சக்தி குறைவு. மிதக்குற டப்பாவில போடுற ட்ரைகுளோர் மாத்திரை அமிலத்தன்மை உள்ளது, மூடின டப்ல பிஎச் சரசரன்னு இறங்கி காயிலோட உலோக உறையை அரிக்கும். அண்ணா ரெண்டு வருஷமாப் போட்டுட்டிருந்தது அதுதான். டப்புக்கான டைகுளோர் தூளுக்கு மாறச் சொன்னேன். ஆல்கலினிட்டியை 80க்கும் 120க்கும் நடுவுல வைக்கணும், அதுக்கு விசேஷ மருந்து வாங்க வேண்டியதில்ல. பேக்கிங் சோடா, நம்ம ஆப்பச் சோடாதான்.

சரியானதும் உடனே ஜெட்டைப் போட்டு இறங்காதீங்க. நாள்கணக்குல நின்ன வெதுவெதுப்பான தண்ணி லெஜியோனெல்லா பாக்டீரியாவுக்குப் பிடிச்ச இடம். குமிழியில தெறிக்கிற நீர்த்துளியை மூச்சில இழுத்தாத்தான் ஆபத்து. 1999ல நெதர்லாந்தின் போவன்கார்ஸ்பெல் மலர்க் கண்காட்சியில காட்சிக்கு வச்சிருந்த ஒரு வேர்ல்பூலில இருந்து பரவி 30 பேருக்கு மேல இறந்தாங்க. அதுல யாரும் குளிக்கக் கூட இல்ல, பக்கத்துல நடந்து போனவங்க. பழைய தண்ணியைக் கொட்டிட்டு, குளோரின் கூட்டிப் போட்டு குழாயைக் கழுவி, புதுசா நிரப்புங்க.

புதுத் தண்ணி 5 டிகிரியில வரும். 38க்கு ஏத்த 46 யூனிட், 3 கிலோவாட் ஹீட்டருக்குப் பதினஞ்சு மணி நேரத்துக்கு மேல. 2022 ஜூலையில இருந்து நெட்லெய்யில, அதாவது கிரிட் கட்டணத்துல, மாசத்தோட மூணு வெவ்வேற நாள்ல வர்ற உச்ச மணிநேரங்களோட சராசரியைப் பார்த்து ஒரு பகுதி போடுறாங்க. அதனால டப் சூடாகுற அன்னிக்கு காரை சார்ஜ் போடாதீங்க, அவனையும் வேற நாளைக்குத் தள்ளுங்க. அண்ணா வெள்ளி ராத்திரி பதினோரு மணிக்கு ஆன் பண்ணார், சனி சாயங்காலம் 37 காட்டுச்சு.