பிறந்த பிள்ளை வாயில் கட்டியா? பதறாதீங்க!



'கட்டி'ன்னு கேட்டாலே புற்றுநோய்னு நினைச்சுப் பயந்துடுறோம். ஆனால் எல்லாக் கட்டியும் அப்படி இல்லை. அப்படிப்பட்ட ஒரு கட்டியைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

மிக அபூர்வமாகச் சில குழந்தைகள் ஈறில் உருண்டையான சதைக் கட்டியோடு பிறக்கின்றன. இதன் பெயர் 'பிறவி எபுலிஸ்'. எபுலிஸ் என்றால் கிரேக்க மொழியில் 'ஈறின் மேல்' என்று பொருள். 1871-ல் ஜெர்மனி மருத்துவர் நாய்மன் இதைப் பற்றி எழுதினார். பெரும்பாலும் மேல் ஈறின் முன்பக்கத்தில் வரும். ஆண் குழந்தைகளைவிடப் பெண் குழந்தைகளுக்கு 8 முதல் 10 மடங்கு அதிகம்.

நல்ல செய்தி என்ன தெரியுமா? பிறந்த பிறகு இந்தக் கட்டி பொதுவாக வளராது. அறுவை செய்து எடுத்துவிட்டால் திரும்ப முளைக்காது.

அப்போ எதைக் கவனிக்கணும்? இரண்டே கேள்விகள்தான்.
1. குழந்தை பால் குடிக்கிறதா?
2. மூச்சு சரியாக விடுகிறதா?

இரண்டுக்கும் 'ஆம்' என்றால், சிறிய கட்டியை மருத்துவர் கண்காணித்து வருவார். சில கட்டிகள் தானாகவே சுருங்கிவிடும். 'இல்லை' என்றால் மயக்க மருந்து கொடுத்துக் கட்டியை அதன் காம்போடு எடுத்துவிடுவார்கள். எடுத்த சதையைப் பரிசோதனைக்கும் அனுப்புவார்கள். அதுவரை தாய்ப்பாலைப் பீய்ச்சிப் பாலாடையிலோ குழாய் வழியாகவோ கொடுக்கச் சொல்வார்கள்.

மருவுக்குக் கட்டுற மாதிரி முடியைக் கட்டி அறுக்கவே கூடாது! கிள்ளக் கூடாது, ஊசியால் குத்தக் கூடாது. ரத்தம் கொட்டும், சீழ் பிடிக்கும். பச்சைப் பிள்ளை தாங்குமா?

இன்னொன்றும் சொல்லணும். பிள்ளைக்கு ஏதாவது குறை என்றால், "கிரகணத்துல வெளியே வந்தா, பட்டாசு மருந்துல கை வச்சா" என்று பெற்றவளைத் திட்டுவதை நம் ஊர்ப் பக்கம் நான் கேட்டிருக்கிறேன். இந்தக் கட்டி ஏன் வருகிறது என்று மருத்துவ உலகமே இன்னும் உறுதியாகக் கண்டுபிடிக்கவில்லை. பிறகு தாயைக் குற்றம் சொல்ல நாம் யார்?

நம் திருத்தங்கலுக்குப் பக்கத்திலேயே சிவகாசி அரசு மருத்துவமனை இருக்கிறது. விருதுநகரில் 2022-ல் அரசு மருத்துவக் கல்லூரியும் வந்துவிட்டது. பெரிய சிகிச்சைக்கு மதுரை அரசு இராசாசி மருத்துவமனை இருக்கிறது. மூச்சுத் திணறினால் யோசிக்காமல் 108-ஐ அழையுங்கள், இலவசம்.

இதைப் படித்தவர்கள் இன்றைக்கே வீட்டில் போய்ச் சொல்லுங்கள். கை வைத்தியம் வேண்டாம், மருத்துவரிடம் காட்டுவோம்!