வோட்டு யந்திரமும் தோற்றவரின் திருப்தியும்

1982-ஆம் வருஷம் மே மாதம் கேரளத்துப் பரவூர்த் தொகுதியில் ஒரு புதுமை நடந்தது. ஐம்பது சாவடிகளில் காகிதச் சீட்டுக்குப் பதிலாக மின்சார யந்திரத்தை வைத்து வோட்டு வாங்கினார்கள். யந்திரம் வேண்டாமென்று தேர்தலுக்கு முன்பே கோர்ட்டுக்குப் போனவர் சிவன் பிள்ளை என்ற அபேட்சகர். எண்ணிப் பார்த்தால், 123 வோட்டு வித்தியாசத்தில் அவரே ஜயித்திருந்தார்! வழக்காடும் முறை தோற்றுப்போன ஜோஸுக்கு வந்து சேர்ந்தது. 1984-இல் சுப்ரீம் கோர்ட்டு அவர் பக்கம் தீர்ப்பளித்தது. அந்தச் சாவடிகளில் மறுபடியும் காகிதத்தில் வோட்டு எடுத்தபோது ஜோஸே வெற்றி பெற்றார்.

யந்திரம் தப்பாக எண்ணியது என்று கோர்ட்டு சொல்லவில்லை. இதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். அந்நாளையச் சட்டத்தில் யந்திரத்துக்கே இடம் இல்லை என்பதுதான் தீர்ப்பு. ஆகவே 1988-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். 1990-இல் பேராசிரியர் ஸம்பத் தலைமையில் நிபுணர் கமிட்டி ஒன்று யந்திரத்தைப் பரிசோதித்து, உபயோகிக்கலாம் என்று சிபார்சு செய்தது.

யந்திரத்துக்கு வகுத்த லக்ஷணங்கள் எளியவை. மின்சாரம் எட்டாத கிராமத்திலும் ஓட வேண்டும் என்பதற்காக பாட்டரி. வெளியிலிருந்து எந்தக் கம்பியும் உள்ளே வரக் கூடாது. அதிகாரி ஒரு தரம் அனுமதி கொடுத்தால் ஒரே ஒரு வோட்டு. பொத்தானைப் பத்துத் தரம் அழுத்தினாலும் ஒன்றுதான். முடிவுப் பொத்தானை அழுத்திய பிறகு எதுவும் ஏறாது.

இவையெல்லாம் இஞ்சினீயர்களின் விவகாரம். நமக்கு முக்கியமாகப்படுவது, யந்திரத்துக்கு வெளியே செய்த ஏற்பாடுகளே. வோட்டெடுப்புத் தொடங்குமுன் ஏஜெண்டுகளின் கண்ணெதிரில் ஐம்பது வோட்டாவது போட்டு, எண்ணிக் காட்டி, அழித்துவிட வேண்டும். காகித முத்திரையில் ஏஜெண்டுகளும் கையெழுத்திடலாம். மாலையில் மொத்தம் எத்தனை வோட்டு விழுந்தது என்ற கணக்கின் பிரதியை அவர்கள் கையில் கொடுக்க வேண்டும். கையெழுத்தும் கூட்டலும் தெரிந்த எவரும் இதைப் பரிசோதித்துக் கொள்ளலாம் அல்லவா?

ஜெர்மனியில் இந்த விஷயம் வேறு விதமாக முடிந்தது. 2005-ஆம் வருஷத் தேர்தலில் உபயோகித்த யந்திரங்கள் அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று அந்நாட்டு உயர்ந்த நீதி ஸ்தலம் 2009-இல் கூறிவிட்டது. விசேஷ ஞானம் ஏதும் இல்லாத சாதாரணப் பிரஜையும் தேர்தலின் முக்கியமான படிகளைத் தானே சரிபார்க்க முடிய வேண்டும் என்பது அதன் வாதம்.

நம் நாட்டிலும் இந்த வாதத்துக்கு ஒரு பதில் கண்டார்கள். 2013-இல் நாகாலாந்திலுள்ள நோக்ஸேன் தொகுதியில் யந்திரத்தோடு சிறிய அச்சுப் பெட்டி ஒன்றையும் சேர்த்து வைத்தார்கள். நாம் வோட்டளித்த சின்னம் ஒரு சீட்டில் அச்சாகிக் கண்ணாடிக்குள் ஏழு விநாடி தெரியும்; பிறகு பெட்டிக்குள் விழுந்துவிடும். நியாயமான தேர்தலுக்கு இந்தக் காகிதச் சாட்சி இன்றியமையாதது என்று அதே வருஷம் சுப்ரீம் கோர்ட்டும் சொல்லிற்று. ஆக, காகிதத்தை ஒழிக்க வந்த யந்திரம் காகிதத்தின் துணையை நாடும்படி ஆயிற்று! 2019 முதல், ஒவ்வொரு சட்டசபைப் பகுதியிலும் ஐந்து சாவடிகளின் சீட்டுகளை எண்ணி ஒப்பிடுகிறார்கள்.

எல்லாச் சீட்டுகளையும் எண்ண வேண்டும் என்ற கோரிக்கையை 2024 ஏப்ரலில் கோர்ட்டு ஏற்கவில்லை. ஆனால் இரண்டாவது, மூன்றாவது இடத்துக்கு வந்த அபேட்சகர்கள், நூற்றுக்கு ஐந்து யந்திரங்களைத் திறந்து சோதிக்கும்படி கேட்கலாம் என்றது. செலவு அவர்களுடையது, மோசடி தெரிந்தால் பணம் திரும்பக் கிடைக்கும். நல்ல விதிதான். சோதிப்பவர்கள் மட்டும் யந்திரத்தைச் செய்த தொழிற்சாலையின் இஞ்சினீயர்கள்! பள்ளிக்கூடத்தில் நாம் நடத்திய பாடத்துக்கு நாமே மார்க்குப் போடுகிறோம் என்றாலும், பொதுப் பரீட்சைப் பேப்பர் வேறு ஆசிரியரிடம்தான் போகிறது. அந்த ஐந்து யந்திரங்களையும் தொழிற்சாலைக்குச் சம்பந்தமில்லாத கலாசாலை நிபுணர்கள் திறந்து பார்ப்பதில் என்ன கஷ்டம் இருக்கிறதென்று நமக்கு விளங்கவில்லை.