தடிமன் வீட்டுக்கு வந்த வழி

"சேர், நான்தானா தங்கச்சிக்குக் குடுத்த?"

தரம் நான்கில் படிக்கும் ஒரு மாணவன் என்னிடம் கேட்ட கேள்வி இது. மூக்கு ஒழுக ஒழுக ஒரு கிழமையாக அவன் வகுப்புக்கு வந்துகொண்டிருந்தான். ஒருநாளும் தவறாமல் வருவோருக்கு வருட இறுதியில் பரிசு உண்டு என்று அறிவித்திருந்தவன் நான்தான். அடுத்த கிழமை, பிறந்து இரண்டு மாதமேயான அவனது தங்கச்சி மூச்செடுக்க முடியாமல் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். வைத்தியர் சொன்ன பெயர் ஆர்.எஸ்.வி. தமிழ் படிப்பிக்கும் எனக்கு அன்று பதில் தெரியவில்லை. பிறகு தேடி வாசித்தேன்.

இந்த வைரஸ் 1956இல் தடிமன் பிடித்த சிம்பன்சிகளிடம்தான் முதலில் கண்டறியப்பட்டது. அடுத்த ஆண்டு குழந்தைகளிடமும் காணப்பட்டது. பள்ளிப் பிள்ளைகளுக்கு இது பெரும்பாலும் வெறும் தடிமன்தான். கைக்குழந்தையின் சுவாசக் குழாய்களோ மிகச் சிறியவை. அவை வீங்கிச் சளி அடைத்தால் மூச்சு முட்டிவிடும்.

குழந்தைக்கு அது யாரிடமிருந்து வருகிறது? ஆஸ்பத்திரியில் இருந்து பார்த்தால் நோயாளி தெரியும், கொண்டுவந்தவர் தெரியமாட்டார். எனவே கென்யாவின் கிலிஃபி பகுதியில் ஆய்வாளர்கள் வீடுகளுக்கே போனார்கள். கைக்குழந்தையும் அதற்கு மூத்த பிள்ளையும் உள்ள 47 வீடுகளைத் தெரிந்தெடுத்தார்கள். 2009இன் இறுதி முதல் சுமார் ஆறு மாதங்கள், கிழமைக்கு இரு தடவை, வீட்டிலுள்ள எல்லோரின் மூக்கிலிருந்தும் மாதிரி எடுத்தார்கள். இருமல் இருந்தாலும் எடுத்தார்கள், இல்லாவிட்டாலும் எடுத்தார்கள். ஆய்வின் உயிரே அதில்தான் இருக்கிறது. ஏனென்றால், வைரஸ் இருந்தவர்களில் கணிசமானோருக்கு நோய்க்குறி எதுவும் இருக்கவில்லை. சுகமில்லாதவரை மட்டும் சோதித்திருந்தால் அவர்கள் கணக்கிலேயே வந்திருக்கமாட்டார்கள்.

யாருக்கு முதலில், யாருக்குப் பிறகு என்று வரிசைப்படுத்தியபோது வழி தெரிந்தது. தொற்றிய கைக்குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு அது வீட்டுக்குள்ளிருந்தே வந்திருந்தது. வீட்டுக்குள் அதை முதலில் கொண்டுவந்தவர்கள் பெரும்பாலும் மூத்த பிள்ளைகள். அவர்களில் பலர் பாடசாலை போகிறவர்கள்.

ஆக, அந்த மாணவனின் கேள்விக்குப் பதில் 'இருக்கலாம்' என்பதே. ஆனால் அது அவன் குற்றமில்லை. பாடசாலையில் யாரோ அவனுக்குக் கொடுத்தது அது. அப்படிக் கொடுத்த பிள்ளைக்கு இருமலே இல்லாமலும் இருந்திருக்கலாம். நானாவையும் தங்கச்சியையும் பிரித்துவைக்க எந்த உம்மாவாலும் முடியாது. அதனால்தான் இன்று கர்ப்பிணித் தாய்க்கே தடுப்பூசி ஏற்றி, பிறக்கும் குழந்தைக்குப் பாதுகாப்புக் கொடுக்கும் வழி வந்திருக்கிறது. அமெரிக்கா 2023இல் அதற்கு அனுமதியளித்தது. அது கைக்கு எட்டாத வீடுகளிலும் சில காரியங்கள் செய்யலாம். பாடசாலை விட்டு வந்ததும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவச் சொல்லலாம். தடிமன் உள்ள நாட்களில் குழந்தையைக் கொஞ்சாமல் பார்த்துக்கொள்ளலாம்.

அந்தக் குழந்தை சுகமாகி வீடு வந்துவிட்டாள், அல்ஹம்துலில்லாஹ். முழு வரவுக்கான பரிசை நான் நிறுத்திவிட்டேன். காய்ச்சலோடு வகுப்புக்கு வருவது கெட்டித்தனம் என்று பிள்ளைகளுக்குப் படிப்பித்தவன் நான்தானே.