எரு வண்டி கிளம்புமுன் நட்டைத் தொட்டுப் பாருங்கள்

போன சித்திரையில் ஒரு நாள், காலை எட்டு மணி இருக்கும். மன்னார்குடி பக்கமிருந்து எங்கள் ஊருக்கு டிராக்டரை ஓட்டிக்கொண்டு வருகிறேன். பின்னால் டிரெய்லரில் மூன்று டன்னுக்குக் கிட்ட மட்கிய எரு. அதன் மேல் சாக்கை விரித்து நான்கு பெண்கள், எரு இறைக்க வருகிறவர்கள். டீக்கடைத் திருப்பம் தாண்டியதும் என்னை முந்திக்கொண்டு ஒரு டயர் உருண்டு போனது. இது யார் வண்டி டயர் என்று யோசித்து முடிப்பதற்குள் டிரெய்லர் இடது பக்கமாகச் சாய்ந்து, அச்சு தார் ரோட்டில் கிழித்துக்கொண்டே வந்து நின்றது.

டயர் டீக்கடை பெஞ்சுக்கு இரண்டடி தள்ளிப் போய் வாய்க்கால் மதகில் மோதி விழுந்தது. பெஞ்சில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். டிரெய்லர் மேல் இருந்தவர்களில் மூன்று பேர் எருவோடு எருவாகச் சரிந்து இறங்கிவிட்டார்கள். எங்கள் தெரு அக்கா ஒருவர் மட்டும் கையை ஊன்றி விழுந்ததில் மணிக்கட்டு முறிந்தது. ஆறு வாரம் கட்டு. கட்டைப் பிரித்த பிறகும் அந்தக் குறுவையில் அவரால் நாற்றுப் பறிக்க முடியவில்லை. வைத்தியச் செலவும் கூலியும் கொடுத்தேன். கொடுத்தாலும் அந்தக் கையை நான்தான் முறித்தேன் என்பது மாறுமா?

நடந்தது இதுதான். முதல் நாள் சாயங்காலம் டிரெய்லரின் இடது டயர் பஞ்சர். ஒட்டிக் கொண்டுவந்து மாட்டினார்கள். ஜாக்கியில் தூக்கி நிற்கும்போதே ஆறு நட்டையும் வட்டமாக வரிசையில் முடுக்கிவிட்டு, ஜாக்கியை இறக்கியதும் 'சரியாப் போச்சு, எடுத்துட்டுப் போங்க' என்றார்கள். நானும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அவர்கள் மேல் மட்டும் பழி போட முடியாது. அதற்கு ஒரு வாரம் முன்புதான் டிரெய்லர் துருப்பிடிக்கிறதே என்று டிஸ்க், ஹப் எல்லாவற்றுக்கும் நானே இரண்டு கை தடிமனாகப் பெயிண்ட் அடித்து வைத்திருந்தேன். அந்தப் பெயிண்டின் மேல்தான் நட்டு உட்கார்ந்தது. பாரம் ஏறியதும் பெயிண்ட் நசுங்கி உதிர்ந்தது, நட்டுக்குப் பிடி போய்விட்டது.

பாரத்தை போல்ட் தாங்குகிறது என்றுதான் நானும் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் மெக்கானிக் அண்ணன் விளக்கிய பிறகுதான் புரிந்தது. நட்டு இறுகும்போது போல்ட் கொஞ்சம் இழுபட்டு, டிஸ்கை ஹப்போடு சேர்த்து நெருக்கிப் பிடிக்கிறது. அந்த நெருக்கம்தான் பாரத்தைச் சுமக்கிறது. நெருக்கம் குறைந்தால் டிஸ்க் ஆட ஆரம்பிக்கும். அப்புறம் ஒவ்வொரு சுற்றுக்கும் போல்ட் ஒருமுறை இப்படியும் அப்படியும் வளையும். கம்பியை வளைத்து வளைத்து ஒடிக்கிறோமே, அதே கதை. எங்கள் டயர் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 350 சுற்று சுற்றும். நான் வந்தது 12 கிலோமீட்டர். நாலாயிரம் தடவைக்கு மேல் வளைந்திருக்கிறது. இரண்டு போல்ட் ஒடிந்திருந்தது, மற்ற நாலிலும் நட்டே இல்லை.

வண்டி சொல்லாமலும் இல்லை. பாதி வழியிலேயே 'டக் டக்' என்று ஒரு சத்தம். கொக்கி ஆடுகிறது என்று விட்டுவிட்டேன். மேலே இருந்து அந்த அக்காதான், 'தம்பி, வண்டி ஒரு மாதிரி ஆட்டுதுப்பா' என்றார். 'ரோடு அப்படி அக்கா' என்றேன்.

என் தாத்தா மாடு பூட்டுவதற்கு முன்னால் கடையாணியைத் தொட்டுப் பார்க்காமல் ஒரு நாளும் வண்டியில் ஏறியதில்லை. டிராக்டர் வந்ததும் அந்தப் பழக்கத்தை மாட்டு வண்டியோடு சேர்த்துப் பரணில் போட்டுவிட்டோம். அவரிடமிருந்து ஒன்றே ஒன்றை மட்டும் இதில் எடுத்துக்கொள்ளாதீர்கள். அச்சுக்கு மை போடுகிற ஞாபகத்தில் வீல் நட்டுக்கு கிரீஸோ எண்ணெயோ தடவக் கூடாது. வழுக்கலில் நட்டு அளவுக்கு மீறி இறங்கி போல்ட் நீண்டுவிடும். மரையைக் கம்பி பிரஷ்ஷால் சுத்தமாகத் தேய்த்தால் போதும்.

இப்போது நான் செய்வதைச் சொல்கிறேன். கிளம்புமுன் வண்டியைச் சுற்றி ஒரு நடை. நட்டிலிருந்து வெளிப்பக்கமாகத் துருக்கோடு வழிந்திருக்கிறதா, நட்டைச் சுற்றிப் பளபளவென்று தேய்ந்த இரும்பு தெரிகிறதா என்று பார்க்கிறேன். இரண்டும் டிஸ்க் ஆடியதற்கு அடையாளம். சின்ன சுத்தியலால் ஒவ்வொரு நட்டையும் தட்டினால் இறுகினது கணீரென்று பேசும், தளர்ந்தது தொப்பென்று கேட்கும். இது பழைய லாரிக்காரர்கள் வழக்கம். ஆனால் காதை மட்டும் நம்பாமல் ஸ்பானரும் போட்டுப் பார்க்க வேண்டும். நன்றாக முடுக்கிய பிறகு நட்டிலிருந்து டிஸ்க் வரைக்கும் வெள்ளைப் பெயிண்டில் ஒரு கோடு இழுத்துவிடுவேன். நட்டு அசைந்தால் கோடு உடைந்து தெரியும். செலவு என்று பார்த்தால் ஒரு சின்ன டப்பா பெயிண்ட்தான்.

சக்கரத்தைக் கழற்றி மாட்டினால் கதை வேறு. டிஸ்க்கும் ஹப்பும் ஒட்டுகிற முகத்தில் மண், துரு, பெயிண்ட் எதுவும் இருக்கக் கூடாது. நட்டின் கூம்புப் பக்கம் டிஸ்கைப் பார்த்து உட்கார வேண்டும். முடுக்குவது எதிரெதிராக. மேலே ஒன்று என்றால் அடுத்தது அதற்கு நேர் கீழே. ஜாக்கியில் இருக்கும்போது பாதி, தரையில் இறக்கியபின் மீதி. ஸ்பானரில் நீளக் குழாயைச் சொருகி இரண்டு பேர் ஏறி மிதிப்பதும் தப்பு, அதுவும் போல்ட்டை இழுத்துவிடும். எவ்வளவு இறுக்கம் என்பது கம்பெனி கையேட்டில் இருக்கிறது. டார்க் ரெஞ்ச் வைத்திருக்கும் மெக்கானிக்கிடம் கொடுத்து அந்த அளவுக்கு முடுக்கிக்கொள்ளுங்கள். பாரத்தோடு முதல் சில கிலோமீட்டர் ஓடியதும் நிறுத்தி மறுபடி ஒரு முடுக்கு, மறுநாள் காலை இன்னொன்று. நான் அன்று பத்து நிமிடம் நின்று இதைச் செய்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.

டெல்டாக்காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. சேற்றுழவுக்குக் கேஜ் வீல் மாட்டிவிட்டு, வேலை முடிந்ததும் வரப்போரமாகவே டயரை மாட்டி ரோடு ஏறுகிறோம். கைகால் எல்லாம் சேறு, ஹப்பிலும் சேறு. அந்தச் சேறு காய்ந்து பொடியாகி உதிர்ந்தால் பெயிண்ட் செய்த அதே வேலையைச் செய்யும். ஒரு குடம் தண்ணீர் ஊற்றிக் கழுவி, துடைத்து மாட்டுங்கள். களை ஓட்டுவதற்காகச் சக்கர அகலத்தை மாற்றுகிறவர்கள் ரிம்மை டிஸ்கோடு சேர்க்கும் வெளி வட்டத்து நட்டுகளையும் மறக்க வேண்டாம்.

இடது சக்கரத்தை ஒரு கண் கூடுதலாகவே பார்க்கலாம். அது முன்னோக்கிச் சுற்றுகிற திசைதான் சாதாரண நட்டு கழலுகிற திசையும். ரோட்டோரக் குழியில் முதலில் இறங்குவதும் அதுதான். சில வண்டிகளில் இதற்காகவே இடது பக்கத்துக்கு எதிர்மரை நட்டு வைத்திருப்பார்கள். தெரியாமல் முடுக்குவதாக நினைத்துக் கழற்றிவிடாதீர்கள். ஒரு போல்ட் ஒடிந்திருந்தால் அதன் பக்கத்துப் போல்ட்டுகளும் களைத்துப் போயிருக்கும், சேர்த்தே மாற்றிவிடுங்கள். 'அஞ்சு இருக்குல்ல, ஓடும்' என்று நாம் சொல்வதுண்டு. ஓடும்தான், எதுவரைக்கும் என்பதுதான் தெரியாது.

டிரெய்லரில் ஆள் ஏற்றுவதை அன்றோடு விட்டேன். சட்டப்படியும் அது கூடாது என்று எல்லோருக்கும் தெரியும். எருவோடு ஆளும் போய்ச் சேர்ந்தால் ஒரு நடை மிச்சம் என்ற கணக்குதான் நம்மைக் கெடுக்கிறது. இப்போது வேலைக்கு வருகிறவர்களுக்கு மினி பஸ் காசைக் கூலியோடு சேர்த்துக் கொடுத்துவிடுகிறேன்.

அந்த அக்கா இந்த வருடம் மறுபடி எரு இறைக்க வந்தார். வயலுக்கு வந்ததும் கூடையை எடுக்குமுன் நேராக டிரெய்லரின் இடது சக்கரத்துக்குப் போய்க் குனிந்து வெள்ளைக் கோட்டைப் பார்ப்பார். முதலில் எனக்குச் சங்கடமாக இருந்தது. போன வாரம் 'தம்பி, இங்க வா, இந்தக் கோடு ரெண்டாப் பிரிஞ்சிருக்கு பாரு' என்று கூப்பிட்டார். போய் ஸ்பானர் போட்டுப் பார்த்தேன். நட்டு கால் சுற்று இறங்கியது.