டோகோ: குளிப்பவர்கள் மாறினார்கள், வெந்நீர் மாறவில்லை

ஜப்பானின் ஷிகோகு தீவில் மட்சுயாமா நகரை ஒட்டி இருக்கிறது டோகோ. அந்நாட்டின் மிகப் பழைய வெந்நீர் ஊற்றுகளில் ஒன்று. காலில் அடிபட்ட வெண்கொக்கு ஒன்று நாள்தோறும் இந்த நீரில் நின்று குணமானதாம். அதைப் பார்த்துத்தான் மனிதர்களும் இறங்கினார்கள் என்பது ஊர்க்கதை.

கொக்குக்குத் தடையில்லாமல் கிடைத்த நீர், மனிதர்களுக்கு அப்படிக் கிடைக்கவில்லை. 1638-ல் மட்சுயாமாவின் சிற்றரசர் மட்சுதைரா சதயுகி இங்கே சீரமைப்பைத் தொடங்கினார். அவர் காலத்து ஏற்பாட்டில் முதல் தொட்டி சாமுராய்களுக்கும் துறவிகளுக்கும், இரண்டாவது பெண்களுக்கு, மூன்றாவது சாதாரண ஆண்களுக்கு. மாடும் குதிரையும் குளிக்கக்கூடத் தனியிடம் இருந்தது.

இன்று நிற்கும் மூன்று மாடி மரக் கட்டடம் 1894-ல் எழுந்தது. ஊர்த்தலைவர் இசானிவா யுகியா இதைக் கட்ட முனைந்தபோது, செலவைக் கேட்டு ஊரார் கடுமையாக எதிர்த்தார்கள். அவர் அசையவில்லை. அந்தப் பிடிவாதத்துக்கு ஊர் இன்றும் கடன்பட்டிருக்கிறது. மறு ஆண்டே ஆங்கில ஆசிரியராக மட்சுயாமாவுக்கு வந்த நட்சுமே சோசெகி இந்தக் குளியலை மனதாரப் புகழ்ந்தார். 1906-ல் வெளியான அவருடைய ‘போச்சான்’ நாவலின் நாயகன் ஆளில்லாத நேரத்தில் தொட்டியில் நீச்சலடிப்பான். உடனே நீந்தக் கூடாதென்று அறிவிப்பு வந்துவிடும். போச்சானின் பெயரைச் சொல்லியே நீந்தாதே என்று எச்சரிக்கும் மரப்பலகை இன்று நிஜத் தொட்டியறையில் தொங்குகிறது.

1899-ல் அரச குடும்பத்துக்கென்றே ஒரு குளியல் பகுதி சேர்ந்தது. அன்று குடிமக்கள் எட்டிப் பார்க்க முடியாத அந்த அறைகளை இன்று சீட்டு வாங்கிய எவரும் சுற்றிப் பார்க்கலாம். தொட்டியிலும் பழைய பிரிவுகளில் ஆண், பெண் என்பது மட்டுமே மிச்சம். காசு கூடக் கொடுத்தால் மாடியில் பருத்தி அங்கியும் தேநீரும் உண்டு. கீழே இறங்கினால் எல்லாருக்கும் அதே வெந்நீர். நான் மிகவும் மதிக்கும் மாற்றம் இதுதான்.

நீரின் கதையும் சாதாரணமானதல்ல. 1946 டிசம்பரில் நன்காய் நிலநடுக்கம் வந்தபோது ஊற்று நின்றுபோனது, பிறகு மீண்டது. ஒரு காலத்தில் தானாகப் பொங்கிய நீரை இன்று ஆழ்குழாய்களிலிருந்து மோட்டார் இறைக்கிறது. பதினெட்டு ஊற்றுகள், 20 முதல் 55 டிகிரி வரை வெவ்வேறு சூடு. அவற்றைக் கலந்தே குளிக்க ஏற்ற 42 டிகிரி அளவுக்குக் கொண்டுவருகிறார்கள். அடுப்பும் இல்லை, பச்சைத் தண்ணீரும் இல்லை.

இழப்பும் உண்டு. 1950-களின் நடுப்பகுதி வரை விடுதிகளில் தங்கியவர்களும் குளிக்க இங்கேதான் நடந்து வந்தார்கள். பின்னர் விடுதிகளுக்கே குழாயில் வெந்நீர் போனது. வசதிதான், ஆனால் உள்ளூர்க்காரரும் வெளியூர்க்காரரும் ஒரே தொட்டியில் முகம் பார்த்துக்கொள்வது குறைந்துவிட்டது.

2019-ல் தொடங்கிய பெரிய மராமத்து 2024-ல் முடிந்தது. அதுவரை ஒரு பகுதியில் குளியலைத் தொடர்ந்து நடத்தினார்கள். முழுக் கட்டடமும் இப்போது திறந்திருக்கிறது. போகிறவர்கள் விடுதிக் குளியலோடு நின்றுவிடாதீர்கள். காலை ஆறு மணிக்குக் கூரை மேலிருந்து முரசு ஒலிக்கும்போது வாசலில் இருங்கள். சிறிய முக்காலியில் உட்கார்ந்து உடம்பை நன்றாகத் தேய்த்துக் கழுவிவிட்டு, கைத்துண்டு நீரில் படாமல் இறங்குங்கள்.