பனிநாட்டு வேடரின் அடுக்குடை

மார்கழித் திங்களின் வைகறையில் மயிலைக் கபாலீசுவரர் கோயிலின் மாடவீதிகளில் நடந்து பாருங்கள். பசனை பாடிச் செல்லும் முதியோருள் பலர் காதையும் கழுத்தையும் கம்பளித் துணியால் சுற்றியிருப்பர். அப்பொழுது வெப்பமானி காட்டுவதோ செல்சியசு அளவில் 20 பாகைக்குச் சற்று மேலோ கீழோதான். 1895ஆம் ஆண்டு திசம்பரில் சென்னையில் பதிவான பெருங்குளிர்கூட ஏறத்தாழ 14 பாகையே.

குளிரைப் பற்றிய நம் அறிவு இவ்வளவே. ஆதலின் வடபுலத்திற்குப் பயணம் புறப்படும் ஒருவர், தியாகராய நகர்க் கடையில் மிகத் தடித்த கம்பளிச் சட்டை ஒன்றை வாங்கியதும், இனி அச்சமில்லை எனக் கருதிவிடுகிறார். பரங்கிமலையில் படைப்பயிற்சி பெற்று, இமயத்துப் பனிமலைக் காவலுக்குச் செல்லும் இளைஞர் அவ்வாறு கருதினால் உயிருக்கே இடர் நேரும். அது ஏன் என்பதை, குளிரிலேயே பிறந்து வளர்ந்த வேடரிடம் கேட்டறிவோம்.

கனடா நாட்டின் வடகோடியில் இனுவிட் மக்கள் வாழ்கின்றனர். அங்கே குளிர்காலத்தில் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழ் 40 பாகை வரையிலும் இறங்கும். சீல் என்னும் கடல்விலங்கு, மூச்சு விடுவதற்காக உறைந்த கடலின்மேல் சிறு துளைகளை வைத்திருக்கும். அத்துளையருகே வேடன் ஈட்டியுடன் மணிக்கணக்காக அசையாது நிற்பான். அவ்விடத்தை அடையும்வரையிலோ, நெடுந்தொலைவு பனியில் நடப்பான். நாய்கள் இழுக்கும் சறுக்குவண்டியோடு ஓடுவான். ஓடும்பொழுது உடல் வெம்மையுறும், நிற்கும்பொழுது விறைக்கும். இவ்விரு நிலைக்கும் தடித்த ஒரே உடை எவ்வாறு பொருந்தும்?

உடை நமக்கு வெம்மையைத் தருவதில்லை. உடலின் வெம்மை வெளியேறாமல் காப்பதே அதன் தொழில். அக்காவலைப் பெரிதும் செய்வது, இழைகளுக்கும் அடுக்குகளுக்கும் இடையே அசையாது தங்கியிருக்கும் காற்றே ஆகும். தளர்வாக அணிந்த மெல்லிய உடைகள் இரண்டு மூன்று இருப்பின் காற்று தங்க இடம் மிகுதி; வேண்டும்பொழுது ஒன்றைக் களையவும் இயலும். மயிலுக்குப் போர்வை ஈந்த பேகனின் அருளுள்ளத்தை நாம் போற்றுகிறோம். ஆயினும், இறகுகளைச் சிலிர்த்துக் காற்றைத் தேக்கிக்கொள்ளும் அப்பறவை, அவன் வருமுன்னரே போர்வை போர்த்திருந்தது அன்றோ!

காற்று துணைவன் எனின் வியர்வை பகைவன். கோடையில் சாளரத்தில் வெட்டிவேர்த் தட்டியைத் தொங்கவிட்டு நீர் தெளிக்கிறோம். நீர் ஆவியாகும்பொழுது வெப்பத்தைக் கவர்ந்து செல்வதால் அறை குளிர்கிறது. ஒரு கிராம் வியர்வை ஆவியாவதற்கு ஏறத்தாழ 580 கலோரி வெப்பம் வேண்டும். அடையாற்று வெயிலில் இன்பம் தரும் இந்நிகழ்ச்சியே பனிவெளியில் கொல்லும். மேலும், நீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வெப்பத்தைக் கடத்தும். ஆதலின் வியர்வையை உறிஞ்சி உடலோடு ஒட்டிக்கொள்ளும் பருத்தி, நம் நாட்டில் எத்துணை உற்ற துணையாயினும், அங்கே உள்ளாடைக்கு ஆகாது. கம்பளியோ நனைந்தும் ஓரளவு காக்கும்.

இனுவிட் வேடன் கரிபு என்னும் மானின் தோலால் ஆன ஈருடை அணிவான். உள்ளுடையின் மயிர் உடலை நோக்கியிருக்கும். மேலுடையின் மயிர் வெளிநோக்கியிருக்கும். அம்மயிரின் உள்ளேயும் காற்று நிறைந்துள்ளது. ஓடும்பொழுது தலைமூடியைப் பின்னே தள்ளுவான். ஈரம் மிகுந்த வெங்காற்று கழுத்துவழியே வெளியேறிவிடும். வியர்க்கும் முன்னரே திறக்க வேண்டும். குளிரும் முன்னரே மூட வேண்டும். நார்வே நாட்டு அமுண்டுசன் 1903 முதல் 1906 வரை மேற்கொண்ட கடற்பயணத்தின்போது இம்மக்களிடையே தங்கி, இவ்வுடையின் திறத்தைக் கற்றார். 1911ஆம் ஆண்டு திசம்பர் 14ஆம் நாள் தென்முனையை முதன்முதல் எட்டியவர் அவரே.

நம் நாட்டில் காட்டு விலங்குகளை வேட்டையாடுவதை 1972ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்துள்ளது. எனினும் பனிமலை வீரரும் மலையேறுவோரும் இம்முறையையே பின்பற்றுகின்றனர். வியர்வையை வெளியேற்றும் மெல்லிய உள்ளாடை, அதன்மேல் காற்றைத் தேக்கும் தடித்த உடை, எல்லாவற்றின்மேலும் வாடையைத் தடுக்கும் மேலங்கி என அணிவர். ஏறும்பொழுது நடுவுடையைக் களைந்து பையில் வைப்பர். நின்றவுடன் மீண்டும் அணிவர்.

வேட்டை முடிந்து வீடு திரும்பும் இனுவிட் வேடன், எத்துணைக் களைத்திருப்பினும் உடனே உள்ளே நுழையமாட்டான். வாயிலில் நின்று, அதற்கெனவே வைத்திருக்கும் கோலால் உடையில் படிந்த பனித்துகளை அடித்து உதிர்ப்பான். வீட்டின் வெம்மையில் அது உருகினால் தோல் நனைந்துவிடும். மறுநாள் வேட்டைக்கு அவனிடம் உலர்ந்த உடை இராது.