அழாத பிள்ளைக்குப் பசியில்லையா?

‘அழுத பிள்ளை பால் குடிக்கும்’ என்பது பழமொழி. பிறந்து சில நாட்களே ஆன குழந்தையின் விஷயத்தில் இதை அப்படியே நம்பிவிடக் கூடாது. ஒரு வீட்டில் குழந்தை மாலை முழுதும் அழுகிறது. ‘தாய்க்குப் பால் போதவில்லை’ என்று பெரியவர்கள் தீர்ப்புச் சொல்கிறார்கள். மறுநாளே பால்மாவு டின் வந்து சேர்கிறது. அடுத்த வீட்டில் மூன்று நாள் குழந்தை ஐந்தாறு மணி நேரம் அசையாமல் தூங்குகிறது. ‘என்ன சமர்த்து, அழுவதே இல்லை!’ என்று எல்லோரும் மெச்சுகிறார்கள். மருத்துவர் முதலில் பார்க்க விரும்புவது இந்த இரண்டாவது குழந்தையைத்தான்.

அழுவதற்கும் தெம்பு வேண்டுமல்லவா? போதிய பால் கிடைக்காத குழந்தை முதலில் சிணுங்கும். பிறகு சோர்ந்து தூங்கும். தூங்குவதால் இன்னும் குறைவாகக் குடிக்கும். உடலில் நீர் குறையக் குறைய, இரத்தத்தில் சோடியத்தின் செறிவு ஏறும். அது மிகுந்தால் மூளையையே தாக்கும். மறுபுறம், அழுகை எல்லாம் பசியும் அல்ல. பிரேசல்டன் என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவர் 1962இல் வெளியிட்ட ஆய்வில், நலமாக உள்ள குழந்தைகளே ஆறாவது வார அளவில் நாளொன்றுக்கு ஏறத்தாழ இரண்டே முக்கால் மணி நேரம் அழுவதைக் கண்டார்.

அப்படியானால் பால் போதுகிறதா என்று எப்படி அறிவது? தாய்ப்பாலை அளந்து பார்க்க முடியாது. ஆனால் குழந்தையிடமிருந்து வெளிவருவதை எண்ண முடியும். உங்கள் அக்கா பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்திருக்கிறாரா? தொட்டிலருகே ஒரு நோட்டும் பென்சிலும் வையுங்கள். ஒவ்வொரு முறை பால் கொடுத்ததையும், சிறுநீர், மலம் கழித்ததையும் குறித்து வாருங்கள். 24 மணி நேரத்தில் 8 முதல் 12 முறை பால் கொடுப்பது இயல்பு. ஐந்தாம் நாளிலிருந்து, குறைந்தது ஆறு முறையாவது வெளிறிய நிறத்தில் சிறுநீர் போக வேண்டும். முதலில் தார்போல் கறுத்திருக்கும் மலம், நான்கைந்து நாளில் மஞ்சளாக மாற வேண்டும். அதற்குப் பிறகும் மலம் கறுத்தே இருந்தாலோ, துணியில் செங்கல் நிறக் கறை படிந்தாலோ பால் போதவில்லை என்று ஐயப்படலாம்.

மற்றொரு சாட்சி தராசு. பிறந்த முதல் சில நாட்களில் எல்லாக் குழந்தைகளும் சற்று எடை குறையும்; இதற்கு அஞ்ச வேண்டாம். மூன்று கிலோ குழந்தை 2,700 கிராமுக்கும் கீழே இறங்கினால், அதாவது பத்தில் ஒரு பங்குக்கு மேல் இழந்தால், உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். இரண்டு வாரத்துக்குள் பிறந்தபோதிருந்த எடை திரும்பிவிட வேண்டும்.

இனி, பால் சுரக்கும் விதத்தைப் பார்ப்போம். குழந்தை சப்பும்போது தாயின் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து இரண்டு ஹார்மோன்கள் வெளிப்படுகின்றன. புரொலாக்டின் பாலைச் சுரக்க வைக்கிறது; ஆக்ஸிடோசின் அதை வெளியே தள்ளுகிறது. வலியும் கவலையும் இந்த இரண்டாவதைத் தடுக்கக் கூடியவை. ‘உனக்குப் பாலே இல்லை’ என்று தாயிடம் ஓயாமல் சொல்வது எவ்வளவு கேடு என்று பாருங்கள்! மார்பில் பால் தேங்கி நின்றால் சுரப்பு தானே தணிந்துவிடும். இறைக்கிற கிணறுதான் ஊறும். புட்டிப்பாலால் வயிறு நிறைந்த குழந்தை குறைவாகச் சப்பும், சுரப்பும் குறையும், பெரியவர்களின் தீர்ப்பு அப்போது உண்மையாகிவிடும். ‘தாய்ப்பாலே உங்கள் குழந்தைக்குச் சிறந்தது’ என்று டின்னின் மேலேயே அச்சிட வேண்டுமென 1992ஆம் ஆண்டுச் சட்டம் கட்டாயப்படுத்தியிருக்கிறது. அதை யார் படிக்கிறார்கள்?

பெரும்பாலான வேளைகளில் குறை பாலில் இல்லை, குழந்தை மார்பைப் பற்றும் விதத்தில் இருக்கிறது. காம்பை மட்டும் கவ்வினால் பால் சரியாக வராது. காம்பு வெடித்து, தாய்க்கு வலி உயிர் போகும். வாய் அகலத் திறந்து, காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தையும் பெரும்பாலும் உள்ளடக்க வேண்டும். கீழுதடு வெளியே மடிந்து, மோவாய் மார்பைத் தொட வேண்டும். விழுங்கும் ஓசையும் கேட்கும். தொடர்ந்து வலித்தால் ‘போகப் போகச் சரியாகும்’ என்று பல்லைக் கடித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. பழகிய செவிலியர் ஒருவர் அருகிருந்து பிடிமானத்தைத் திருத்தினாலே பலருக்கு வலி தணிந்துவிடும்.

குழந்தையின் பக்கம் தடை இருப்பதும் உண்டு. நாக்கின் அடியிலுள்ள சவ்வு குட்டையாக இருக்கலாம். அண்ணத்தில் பிளவிருந்தால் பால் மூக்கு வழியே வரும். 34 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைக்குச் சப்புவதும் விழுங்குவதும் மூச்சு விடுவதும் ஒருசேர இசைந்து வருவதில்லை. குடிக்கும்போது நெற்றி வியர்த்து, மூச்சிரைத்து, அடிக்கடி நிறுத்தும் குழந்தைக்கு இதயக் கோளாறு உண்டா என்று பார்க்க வேண்டும்.

மெய்யாகவே பால் குறைவான தாய்மாரும் இருக்கிறார்கள். பிரசவத்தில் மிகுந்த இரத்தம் இழந்தவர்கள், தைராய்டு குறைபாடு உள்ளவர்கள் அவர்களில் சிலர். மருத்துவர் சொல்லிக் கூடுதல் பால் கொடுப்பதில் குற்றம் ஒன்றுமில்லை. பீய்ச்சிய தாய்ப்பாலோ மாற்றுப்பாலோ, அதைப் புட்டியில் கொடுக்காமல் நம் வீட்டுப் பாலாடையில் கொடுப்பது நல்லது. குறைமாதக் குழந்தைகளுக்கு மருத்துவமனைகளிலும் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். பால்மாவை மட்டும் சிக்கனம் கருதி நீர்க்கக் கரைக்காதீர்கள். கோடையானாலும் ஆறு மாதம் வரை தனியே தண்ணீர் வேண்டாம். தாய்ப்பாலில் பெரும்பகுதி நீர்தான். சேனைத் தண்ணீரும் கழுதைப் பாலும் வேண்டவே வேண்டாம்.

ஐயம் வந்தால் கிராம சுகாதாரச் செவிலியரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ எடை பார்த்து, அந்த நோட்டையும் காட்டுங்கள். தாய் இரண்டு வாரத்துக்குப் பிறகும் காரணமின்றி அழுதுகொண்டிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். அதற்கும் சிகிச்சை உண்டு.

ஆனால் எழுப்பினாலும் குடிக்காத குழந்தை, துவண்டு கிடக்கும் குழந்தை, எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகாத குழந்தை, உள்ளங்கையும் பாதமும் மஞ்சளித்த குழந்தை, காய்ச்சலோ உடல் சில்லிப்போ மார்புக்கூடு உள்வாங்கும் மூச்சோ உள்ள குழந்தை, இவர்களுக்குக் காலையாகட்டும் என்று காத்திருக்கக் கூடாது. 108ஐ அழையுங்கள். வண்டியில் போகும்போது குழந்தையைத் தாயின் வெற்று மார்போடு சேர்த்து அணைத்து, மேலே துணி போர்த்துங்கள். விழுங்க முடிகிற குழந்தையானால் வழியிலும் பால் கொடுக்கலாம்.